காய்ச்சல் என்று பதிந்த மௌத்து

மகன் பதியுதீனுக்கு உம்மாவின் ஸலாம். பிள்ளைகள் சுகமா? என் தங்கச்சி, உன் சாச்சி ஸுலைஹா கண்மூடி மௌத்தான அன்று வீட்டில் இருந்தது நீ, நான், அவளைக் கட்டிய மாப்பிள்ளை பளீல், அவர்கள் மகள் உம்மு, மௌத்தைப் பதிய வந்த பதிவுகாரர். நான் ஒன்றும் மறக்கவில்லை.

நான் சமைக்கிற கொழும்பு வீட்டு டொக்டர் நேற்று மௌத்துப் பதிவுகளை வைத்து ஊர்வாரியாகப் புற்றுநோய்க் கணக்கு எழுதினார். அதைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு டொக்டர்மாரை அனுப்புவதென்று முடிவாகுமாம். "உங்கட கல்முனைப் பக்கம் வாய்ப்புற்று ஒண்டுமே இல்லையே உம்மா" என்றார். தேத்தண்ணி என் கையில் சிந்திவிட்டது. பயப்படாதே, லேசாகத்தான் வெந்தது.

ஒரு வருசம் ஸுலைஹாவின் வாய்ப் புண்ணைக் கழுவியவள் நான். "புற்றெண்டு எழுதினா என்ட மகள எவன் கலியாணம் முடிப்பான்? காய்ச்சலெண்டு போடுங்க" என்று பளீல் பதிவுகாரரிடம் சொன்னதை நீயும் கேட்டாய். இப்போது நம் ஊருக்கு எந்த டொக்டரும் வரமாட்டார்.

பதிவுகாரரிடம் போய்த் திருத்தச் சொல். கொஞ்சம் கருவாடு அனுப்பு. இங்கே கதைக்க ஆளில்லை, சட்டி பானையோடுதான் கதைக்கிறேன். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். உம்முவோடு பதிவுகாரரிடம் வந்து அவனே உண்மையைச் சொல்லட்டும். சொன்னாலும் மன்னிக்க மாட்டேன், அந்தப் பளீலை.