நல்ல தண்ணிதான், குடியுங்கோ

அன்பு மகன் அபினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம், நலம் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. போன் எடுக்காத அந்த மலையில், குளிரில், நீயும் உன் கூடக் காவல் நிற்கிற பட்டாளத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். எழுத்து அஜிஷாவுடையது என்று பார்த்ததும் பயப்படாதே மக்கா, நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் வலது கையில் மாவுக்கட்டு. சர்ச் பக்கத்துப் பைப்பில் குடம் நிறைத்து வரும்போது வழுக்கிவிட்டது. வேறொன்றுமில்லை.

நீ போனபின் நம் கிணறு முழுக்க உப்பாகிவிட்டது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறு மாதிரி. முற்றத்தில் நட்ட புதுக் குழாயில் காற்றுதான் வருகிறது. அதனால் தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது, அதையும் நானே நிறுத்திவிட்டேன். குழாயைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்தார், நல்ல வெயில், சட்டை நனைந்திருந்தது. லாரித் தண்ணீரைச் செம்பில் கொண்டு கொடுத்தேன். தண்ணி எப்படிம்மா என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீரோ என்று தயங்குகிறார் என நினைத்து, நல்ல தண்ணிதான், குடியுங்கோ என்றேன். குடித்துவிட்டு, இந்தத் தெருவில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் லாரி இல்லை. அப்பா கேட்கப் போனால், ஒங்க வீட்டம்மாவே சொல்லியிருக்காங்களே சார் என்கிறார்களாம். அடுத்த வீட்டு ஞானம் அக்கா, ஏட்டி பூங்கனி, ஒரு செம்பு வெள்ளத்துல லாரியையே முக்கிப்போட்டியே என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அவளும் குடத்தோடு நடக்கிறாள். அப்பா கடை திறக்கும் முன் வண்டியில் இரண்டு குடம் கொண்டுவருவார், மற்றதெல்லாம் அஜிஷாதான், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, வகுப்புக்குப் பிந்திப் போய் வெளியே நிற்கிறாள்.

அப்பா மனுமேல் மனு கொடுத்து, போன வாரம் வேறொரு ஆபீசர் வந்தார். இந்தமுறை ஒரு சொட்டுக் கொடுக்கக் கூடாது என்று அஜிஷா காலையிலேயே சொல்லிவிட்டாள். குழாயைத் திறந்து காட்டினோம், உஸ் என்றது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்றார். அஜிஷா கண்ணைக் காட்டினாள். குழம்புக்கு வைத்திருந்த கடைசிக் குடம். வெயிலில் வந்து கேட்கிற மனுஷனிடம் இல்லை என்று எப்படி மக்கா சொல்வது, கொடுத்தேன். இது சர்ச் பைப்புத் தண்ணீர் சார், மகள் சுமந்தது என்று இரண்டு தரம் சொன்னேன். நல்லாத்தானம்மா இருக்கு என்று செம்பைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். லாரி இன்னும் வரவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதற்காக லீவு கேட்டு அலையாதே. பனியை உருக்கிக் குடிக்கிறோம் என்று எழுதியிருந்தாயே, நன்றாகக் காய்ச்சிக் குடி. காதை மூடிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இடது கையால் ஒப்பமிடும்
உன் அம்மா பூங்கனி

அண்ணா, இதைக் கொண்டுபோகத் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறோம். அம்மா இப்போதே செம்பைக் கழுவி வைத்துவிட்டாள்.
அஜிஷா