பூ நிற்கும் நாட்களில் உள்ளே வரவேண்டாம்

என் நல்லம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாமல் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு இருக்கும், அடுத்தது மிளகு அளவு இருக்கும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி கோட்டை விட்டு மேலே மேலே போய்விடுகிறது. ஆயுசெல்லாம் மரம் ஏறிய கை அல்லவா, அதற்குக் கீழே இருக்கத் தெரியவில்லை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதித் தரவில்லை. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. நடுவில் டீ குடிக்கிறேன், வெயிலில் உட்காருகிறேன், எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. இதை நானா எழுதினேன்?

நீ போன பிறகு முருகேசன் உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினான். படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. அது என்னவென்று தெரியாமலே தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். மகனிடம் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே நான் ஒருவன்தான் ஆம்பளை. மற்றவர்கள் எல்லாம் உன்னோடு எஸ்டேட்டில் களை வெட்டியவர்கள், பழம் பறித்தவர்கள். முதல் பெஞ்சில் உன் சிநேகிதி பாப்பாத்தி. நான் வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு அவள் சும்மா இருப்பாளா?

“ஏனுங்க பொன்னுசாமியண்ணா, வழி தப்பி வந்துட்டீங்களாட்ட இருக்குது. மொளகு பறிக்கற ஏணி இங்க இல்லீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கண்ணுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நம் பேத்தி வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மழைக்காலம் முழுக்கப் போனேன், பனிக்காலம் முழுக்கப் போனேன். ஒரு நாள் காலையில் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், படத்துக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது. யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். இவ்வளவு நாளும் நீ அங்கேயேதான் இருந்திருக்கிறாய்.

சரி, உனக்கு வேண்டியது தோட்டத்துச் சேதி. அதற்கு வருகிறேன்.

ஊட்டுக்குப் பின்னால் நீ வைத்த காப்பிச் செடிகள் இப்போது என் தோள் உயரம். எஸ்டேட் நாற்றங்காலில் மீந்துபோன நாற்றைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்து நட்டாயே, அவைதான். “பூக்கறப்போ பாத்துக்கலாமுங்க” என்றாய். அவை பூக்குமுன் நீ போய்விட்டாய். போன வருஷமும் பூக்கவில்லை. இலை மட்டும் பளபளவென்று வைத்துக்கொண்டு நின்றன.

முருகேசன் நம் கொட்டச்சேட்டு ஊர் ரோட்டோரத்தில் டீக்கடை போட்டிருக்கிறான். சனி ஞாயிறில் சேலத்திலிருந்தும் இன்னும் எங்கிருந்தெல்லாமோ கார்கள் வருகின்றன. நிறுத்த இடமில்லை. இந்தத் தை மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“அப்பா, அம்மா செடி இந்த வருசம் பூத்துதுன்னா இருக்கட்டும். இல்லீன்னா ஜேசிபி உட்டு சமம் பண்ணிப்போடலாம். நாலு வண்டி நிக்கும்.”

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. காய்க்காத செடியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? ஆனால் அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் பின்கதவைத் திறந்து செடிகளைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

பங்குனி பிறந்தது. சில்வர் ஓக் மரங்களில் மஞ்சள் கொத்துகள் வந்தன. ஆரஞ்சு மரம் வாசம் விட்டது. காலையில் பனி மூட்டம் பள்ளத்திலிருந்து எழும்பி வந்து, தோட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அவசரமில்லாமல் எழுந்து போகும். அந்த நேரத்தில் செடிகளுக்கு நடுவில் யாரோ குனிந்து களை எடுப்பது போலத் தெரியும். நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் நிமிர்வார்கள், நிமிர்ந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கூப்பிடாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் மழை வந்தது. மண்ணின் தூசியை நனைத்துவிட்டு அப்படியே மாரமங்கலம் பக்கம் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் கணுவுக்குக் கணு மொட்டு வீங்கியிருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொம்பை எடுத்தேன். சமையல்கட்டுப் பக்கம் இருக்கும் செடிகளுக்குக் காலையில் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். பேசிக்கொண்டே ஊற்றினேன் என்று வைத்துக்கொள்.

உனக்குத் தெரியும், நான் மேலே வேலை பார்த்தவன். நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பேன், ஏணி போட்டு மிளகு பறிப்பேன். நீ கீழே செடிக்குள் இருந்தாய். ஒரே எஸ்டேட்டில் அவ்வளவு வருஷம் இருந்தும் எனக்குக் காப்பிச் செடியின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். அதன் கால் என்ன கேட்கும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. உன்னிடம்கூடக் கேட்டதில்லை.

வேலிப் பக்கம் வந்த பாப்பாத்தி என் கையில் சொம்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னங்கண்ணா பண்றீங்க?”

“பாத்தா தெரியலையா? தண்ணி ஊத்தறேன்.”

“இதுக்குப் பேரு தண்ணி ஊத்தறதுங்களா? தூங்கற கொழந்தய எழுப்பி உட்டுப்போட்டு, சோறு போடாம உக்கார வெச்சிருக்கறீங்க. நல்லம்மா இருந்திருந்தா அந்தச் சொம்பப் புடுங்கி உங்க தலையிலயே கவுத்திருப்பா.”

பிறகு அவளே உள்ளே வந்து, ஒரு கிளையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். காப்பி மொட்டு நல்ல மழைக்காகத் தூங்கிக்கொண்டே காத்திருக்குமாம். மழை வந்தால் வேர் வரைக்கும் நனைய வேண்டும். நுனி மட்டும் நனைகிற மழை பெய்தால் மொட்டு பாதி விழித்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாவிட்டால் அப்படியே கருகிவிடும். “ஊத்தறதுன்னா கொடங் கொடமா ஊத்தோணும். இல்லீன்னா தொடவே கூடாதுங்க. இப்ப எல்லாச் செடியும் பாதி முழிச்சிருக்குது. உங்க சொம்புச் செடி நொம்ப முழிச்சிருக்குது.”

வானத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. குழாயில் குடிக்கத்தான் தண்ணீர் வருகிறது. கீழே ஊற்றுக்கு இறங்கிக் குடம் குடமாகச் சுமக்க என் முட்டி ஒத்துக்கொள்ளாது. முருகேசனிடம் எப்படிச் சொல்வேன்? நானே கருக்கினேன் என்றா?

அன்று வகுப்பில் என்னால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. டீச்சர் கண்ணு பக்கத்தில் வந்து, “உடம்பு சரியில்லைங்களா தாத்தா?” என்றது. நான் வாய் திறக்குமுன் பாப்பாத்தி எழுந்து என் சொம்புக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாள். கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். செடிக்கு நான் பாட்டுப் பாடினேனாம்.

மறுநாள் விடிந்ததும் பின்பக்கம் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் என் வகுப்பே இடுப்பில் குடத்தோடு நிற்கிறது. ஊற்றிலிருந்து வரிசையாக ஏறி வந்திருக்கிறார்கள். யாருக்கு முட்டி நன்றாக இருக்கிறது அங்கே? ஒருத்தி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “கடைசி பெஞ்சுக்காரங்க எங்கள நொம்ப வேல வாங்கறாங்கடி” என்றாள். நான் குடங்களை வாங்கி வாங்கிச் செடியடியில் சாய்த்தேன்.

அந்தச் சத்தத்தில் முருகேசன் வந்துவிட்டான்.

“என்னங்கப்பா இது? ஊர்ப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்து தண்ணி எடுக்க உட்டிருக்கறீங்க?”

பாப்பாத்தி குடத்தை இறக்கவே இல்லை. “உன்ற அம்மா வெச்ச செடி சாமி. நீ ஜேசிபிக்காரனுக்குப் போன் போடறதுன்னா இப்பவே போட்டுரு. நாங்க கொடத்த எடுத்துட்டு ஊடு போய்ச் சேர்றோம்.”

அவன் கடைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டான். ஜேசிபிக்குத்தான் போன் போடப் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் வெயில் ஏறுமுன் ஒரு டெம்போ பின்னால் வந்து நின்றது. கடையின் நீல டிரம்மும் இன்னும் எங்கிருந்தோ வாங்கிய டிரம்களும் தண்ணீர் நிறைந்து அதில் இருந்தன. ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேசன் இறங்கினான். என் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் கேட்டான்.

“ஒரு செடிக்கு எத்தன கொடமுங்க அத்தை?”

“வேரு போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்து சாமி.”

அன்று முழுக்க ஊற்றினோம். ஈர மண் வாசத்தில் நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பெயரை மட்டும் படம் வரைவது போல வரைவேன். அந்த ஒரு சொம்புத் தண்ணீரோடு இவ்வளவு காலம் நின்றுவிட்டேன். கருகிப் போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தேன் என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் நீ இருந்ததாலா?

பிறகு காத்திருந்தோம். மொட்டுகள் நீண்டன, வெளுத்தன, சின்னச் சின்ன மெழுகுவத்தி மாதிரி நின்றன. போன வியாழக்கிழமை விடிகாலையில் வாசம் வந்துதான் எழுந்தேன். மல்லிகை என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். பனிமூட்டம் இன்னும் போகவில்லை. எது பனி, எது பூ என்று தெரியவில்லை, நல்லம்மா. கிளை முழுக்க வெள்ளை. எங்கும் தேனீச் சத்தம். நான் மரத்தின் மேலே இருக்கிற மாதிரியும், கீழே எஸ்டேட் முழுக்க வெளுத்துக் கிடக்கிற மாதிரியும், அதற்குள் எங்கோ நீ இருக்கிற மாதிரியும் தோன்றியது. காலைத் தரையில் ஊன்றி இருக்கிறேனா என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போகவில்லை. பூ நிற்கும் நாட்களில் செடிக்குள் யாரும் போகக் கூடாது, பூவைத் தொடக் கூடாது, உரசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அந்த நாட்களில் எஸ்டேட்டில் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவளுக்கும் சேர்ந்தே அந்தப் பக்கம் வேலை கிடையாது. நாம் இருவரும் பகலில் ஊட்டில் ஒன்றாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சமையல்கட்டுப் பக்கத்துச் செடிகள் பூக்கவில்லை. நான் ஆசையாக ஊற்றியவை. மொட்டு கருத்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமை முருகேசனின் போன் அடித்தது. ஜேசிபிக்காரன். முருகேசன் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “இல்லீங்க, அங்க பூ நிக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அடுத்த வருஷம் என்ன சொல்வான் என்று நான் கேட்கவில்லை. பூவைப் பார்த்துக்கொண்டே நின்றான். நீ கோபமாக இல்லாத நேரத்தில் உன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவன் முகம்.

மறுநாள் சனிக்கிழமை. வந்த கார்களில் இருந்தவர்களுக்கெல்லாம் வாசம் எட்டிவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு செடிக்குள் போகப் பார்த்தார்கள். முருகேசனுக்கு டீ ஆற்றிக்கொண்டே அவர்களைத் தடுத்து மாளவில்லை. ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேனாவையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

“எழுதுங்கப்பா.”

“நீயே எழுது கண்ணு. உன்ற கையெழுத்து அழகா இருக்கும்.”

“நீங்களே எழுதுங்க.”

எழுதினேன். பூ பூத்திருக்கிறது, உள்ளே வரவேண்டாம். அவ்வளவுதான். அதற்கே வேர்த்துவிட்டது. முருகேசன் அதை வேலியில் கட்டினான். நான் பலா மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன், யாரையும் பார்க்காதவன் மாதிரி.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் நின்றது. முன்பின் தெரியாத ஒரு பெண் இறங்கி, நேராகச் செடியைப் பார்த்து நடந்தாள். வேலியருகில் நின்றாள். நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு, பின்னால் வந்த வீட்டுக்காரரைக் கையால் தடுத்து, “பூத்திருக்குதாமுங்க, உள்ள போக வேண்டாம்” என்றாள். இருவரும் அங்கேயே நின்று பார்த்தார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

என் சொல் இன்னொருத்தர் வாயில் வந்தது, நல்லம்மா. நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் பூவெல்லாம் வாடி உதிர்ந்திருக்கும். அப்போது உள்ளே போகலாம். பாப்பாத்தியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையாக விலக்கி, பூ இருந்த இடத்தில் பச்சைப் பிஞ்சு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, பார்த்தபடியே உனக்கு எழுதுகிறேன். கருகிய செடிகளையும் விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நீ ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத உன் வீட்டுக்காரன்,
பொன்னுசாமி