தலைக்குத் தண்ணீர்

மார்ச் 9, 1972. வியாழன்

காலையிலேயே வெயில். எனக்கு மூக்கு அடைப்பு, தொண்டையில் முள். முந்தானையே கைக்குட்டை. செல்விக்கும் (நாலு வயது) முரளிக்கும் (ஒன்றேகால்) தட்டம்மை. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. சேதி கேட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினாள், பெட்டியோடு. இப்போதைக்குப் போக மாட்டாள்.

வந்ததும் சட்டம். தாளிக்கக் கூடாது. சோப்பு கூடாது. மருந்து, மாத்திரை, எதுவும் கூடாது. என் தைல டப்பியைக் கொல்லையில் விட்டெறிந்தாள்.

“அம்மா வந்துக்கிற ஊட்ல இன்னாடி நாத்தம்?”

எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. மூக்கு இருந்தால்தானே.

10, வெள்ளி

மண்ணெண்ணெய் தீர்ந்தது. செல்விக்கு உடம்பில் பொரி அடங்குகிறது. இளநீர் வேண்டுமென்று அழுதாள், கொடுத்தால் துப்பினாள். ஒரு அறை விட்டேன். பாழாய்ப்போன கை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

முரளிக்கு நெஞ்சில் கொர்கொர். இரண்டு வாய் பால் இழுப்பான், மூச்சு போதாமல் விட்டுவிடுவான். விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. பயமாக இருக்கிறது. அவர் ரைஸ் மில்லிலிருந்து வந்து கால் கழுவும்போதே சொன்னேன்.

“புள்ளைய டாக்டராண்ட காட்டணும்.”

“அக்காவைக் கேளு.”

“புள்ள உங்களுதா, உங்க அக்காவுதா?”

“கம்முனு இரு. அம்மாவுக்குக் கோவம் வந்துடும்.”

என் கோபத்துக்கு இங்கே யார் பயப்படுகிறார்கள்.

11, சனி

எனக்கும் ஜுரம். குரல் கம்மிவிட்டது. நாத்தனார் சாப்பிடும்போது அவள் பக்கம் திரும்பி ஒரு தும்மல் போட்டேன். வேண்டுமென்றேதான். திருப்தி.

நாளை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மாவை இறக்க வேண்டுமாம். செல்விக்கு ஊற்றட்டும். முரளிக்கு வேண்டாம், நெஞ்சு கட்டியிருக்கிறது, குளிர் தாங்க மாட்டான் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஊத்தணும். ஒருத்தனை வுட்டா அம்மா ஊட்லயே குந்திக்குவா.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளை!

நாளை முதல் பஸ்ஸுக்கே முரளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். யாரையும் கேட்கப் போவதில்லை. துணி, பால் டப்பா எடுத்துவைத்தாயிற்று.

12, ஞாயிறு

எழவில்லை. ஜுரத்தில் கட்டை மாதிரி கிடந்திருக்கிறேன். முரளி கத்தியதும்தான் விழிப்பு. கொல்லைக்கு ஓடினேன்.

மஞ்சள், வேப்பிலை போட்டு வெயிலில் காயவைத்து ஊற்ற வேண்டிய தண்ணீர். நான் எழுந்தால் தடுப்பேன் என்று வெயில் ஏறுமுன்பே ஊற்றிவிட்டாள். பச்சைத் தண்ணீர். பிள்ளைக்கு உதடெல்லாம் நீலம். பக்கத்தில் அவர், கையில் சொம்பு.

“முடிஞ்சிச்சி. எதுக்குக் கூவுற?” என்றாள்.

ஈரத்தோடு வாரிக்கொண்டு ஓடினேன். கவரைப்பேட்டை ரோட்டில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். நன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். “இத்தனை நாள் என்னம்மா பண்ணே?” ஊசி போட்டார்கள்.

14, செவ்வாய்

முரளி நேற்று விடியும்போது போய்விட்டான்.

எழுத வரவில்லை. மூக்கு ஒழுகுகிறது. அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவுகிறார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாத்தனார்: “அம்மா நல்லாத்தான் எறங்கினா. இவதான் இட்டுக்கினு போயி ஊசி குத்த வெச்சா. அம்மாவுக்கு ஆவல. எடுத்துக்கினா.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும்.

16, வியாழன்

மூட்டம். செல்வி இரண்டு வாய் சோறு தின்றாள். நாத்தனாருக்குச் சளி, ஜுரம். என்னிடமிருந்துதான். நெஞ்சு வலிக்குதுடா தம்பி என்று ஒரே ஒரு தடவை முனகினாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். ஊசி போட்டாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார்.

“ஊசி குத்தன எடம் வலிக்குதாக்கா?”