மெஹக்கின் இருமல்

அன்புள்ள உம்மாவுக்கு, சாயிராவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே தாராவியில் என்னோடு அறையில் இருந்த மெஹக்குக்கு டிபி. லூபஸ் நோய்க்கு நான் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், எனக்கு அது சுலபமாக வந்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் என்னையும் சோதித்தார்கள். உடம்பில் கிருமி இருக்கிறது, நோயாக மாறவில்லை. மாறாமலிருக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள்.

"என்னாலதானக்கா" என்று மெஹக் அழுதாள்.

"நீ மருந்த விடாமத் தின்னு, அது போதும்" என்றேன். அவள் இப்போது தாணேயில் தன் மாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அறையில் நான் மட்டும்தான்.

எனக்கு லூபஸ், வெயில் ஆகாது என்று டாக்டர் முதலில் சொன்ன அன்று, பாளையங்கோட்டை பஸ்ஸில் என்மேல் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்தபடியே வந்தீர்களே, இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மாத்திரை நேரத்துக்கு ஒரு போன் போடுங்கள் உம்மா. அலாரம் வைத்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் கூப்பிடுங்கள்.

தையல் கடைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சாயிரா