நீ நடந்து வந்த மூவார் மண்டபம்

அன்புத் தோழி,

இன்று காலை கேமரா வாரைத் துவைக்க எடுத்தேன். உன் கழுத்துவலித் தைலத்தின் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. மனம் வரவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

நாம் இருவரும் கூலாய் ஊரில் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கிய புதிது. முதல் கல்யாணத்தில், மணப்பெண் நம்மை நோக்கி நடந்து வந்த படங்களில் எல்லாம் அவள் கடந்து வந்த வாழைமரம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அவள் முகம் மங்கிப் போயிருந்தது. பெண்ணின் அம்மா திட்டவில்லை. "பரவால்லமா" என்று ஆல்பத்தை மூடிவிட்டார். அதுதான் உன்னைச் சுட்டது.

மறு ஞாயிறு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் உன் கணவரை மோட்டார் சைக்கிளில் நம்மை நோக்கி வரச் சொன்னாய். ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்திக்கொள்ளும் முறையில் அவர் ஒவ்வொரு தடவையும் மங்கலாகவே வந்தார். வருகிறவரைக் கூடவே தொடரும் 'கன்டினியூவஸ்' ஃபோகஸுக்கு மாற்றி, நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் நம்பாமல் ஒரு சின்னப் புள்ளிக் கூட்டத்தை அவர் முகத்தில் வைத்து, பொத்தானை விடாமல் வரிசையாக எடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

"அலமாக், ஐயோ, பெட்ரோல் முடியப் போவுது! இன்னும் வரணுமா?" என்று கத்தினார் அவர்.

"வாங்க, வாங்க, இப்பத்தான் நல்லா வர்றீங்க!" என்றாய் நீ.

சில வருஷங்களில் உனக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை பொத்தானை அழுத்த மறுத்தது. கால் இழுத்தது. மூவாரில் உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மண்டப வாசலிலிருந்து மேடைவரை நடந்தே வருவேன் என்றாய். கல்யாணத்தன்று சக்கர நாற்காலியோடு வாசலில் வந்து நின்ற மகள் அழுதாள்.

"விழுந்துட்டீங்கன்னா, அம்மா?"

"விழுந்தா தூக்குங்க லா. இப்ப விடுங்க."

பிறகு என்னிடம், "கன்டினியூவஸ்லயே வை. மெதுவாத்தானே வர்றேன்னு மாத்திடாத. ஆடி ஆடி வருவேன், மூஞ்சிய விட்டுடாத" என்றாய்.

வந்தாய். பாதி வழியில் கால் மடங்கியது. மண்டபமே எழுந்துவிட்டது. நானும் கேமராவை இறக்கிவிட்டு உன்னிடம் ஓடி வரப் பார்த்தேன். நீ ஒரு நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தாய்.

"ஏய், எங்க வர்ற? படத்த எடு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீயும் சிரித்தாய். மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தேன். அழுகையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கேமராவுக்குத் தெரிந்தது. நீ மேடைக்கு வந்து சேரும்வரை உன் முகத்தை அது விடவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டாய். அன்று எடுத்த படத்தைத்தான் உன் கணவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வாய் நிறையச் சிரிப்போடு நீ; உனக்குப் பின்னால் மங்கலாகச் சொந்தக்காரர்கள்.

இன்னமும் கல்யாணங்களுக்குப் போகிறேன். தள்ளாடி நடப்பவர் யாராவது எதிரே வந்தால் தாங்கிக்கொள்ள என் கை தானாக நீளும். அடக்கிக்கொள்கிறேன். முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். கை வேண்டுமென்றால் கொடுக்கிறேன். வேண்டாமென்றால், வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.