கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

ஜூன் 9, திங்கள்

வெயில். மேற்குக் காற்று, புழுதி. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை முழுக்கக் கரித்தூள். மறுபடி அலசல்.

நாலரைக்கு நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் நூலகம். செயலாளர் தங்கராசு சாரைப் பார்த்தேன். வேலை முடிவாகிவிட்டது. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு இணையதளம். நூலகப் புத்தகங்கள், வினாடி வினா, பிள்ளைகளே எழுத ஒரு பக்கம். மாதக் கடைசி வரை சோதனை. பிள்ளைகள் ஒட்டிக்கொண்டால் வருடம் முழுக்க என் பொறுப்பு. ஒட்டாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும். இதுவரை நான் செய்த தளங்கள்: கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஒரு பல் டாக்டர். அங்கெல்லாம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"சுத்துவட்டாரத்துப் புள்ளைங்க எல்லாரும் வரணும்மா" என்றார். பிறகு, "நீங்க எந்த ப்ளாக்?"

"பதினாறு சார்."

பள்ளி விட்டு அங்கேயே வந்திருந்த மகள் இலக்கியா பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

அப்பா மைன்ஸிலிருந்து ரிட்டயராகி, பதினாறாம் ப்ளாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பதினெட்டு வருஷம். இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பம், இரும்புக்கடை சந்து, மாடி, வாடகை. இவரும் மைன்ஸில்தான், ஆனால் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டுக்கு ஏது குவார்ட்டர்ஸ். டவுன்ஷிப்பில் பெயரைக் கூட அப்புறம்தான் கேட்பார்கள், முதலில் ப்ளாக். வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

ஜூன் 11, புதன்

முதல் பக்கம் தயார். செயலாளர் தன் போட்டோவும் வாழ்த்துரையும் அனுப்பியிருக்கிறார். 'மாணவச் செல்வங்களே' என்று தொடங்கி மூன்று பக்கம். என் பங்குக்குக் கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கும் கரடி ஒன்று வரைந்து வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

இலக்கியாவிடம் காட்டினேன். பத்தாவது படிக்கிறாள், இந்த வயதுக்குத்தான் தளமே.

"யாரும்மா இவரு, ஹெட்மாஸ்டரா?"

"செயலாளர்."

"கரடி எதுக்கு? எல்கேஜி புள்ளைங்களும் வருமா?"

கரடி போனது. மனசு கொஞ்சம் வலித்தது, அரை நாள் வேலை.

இன்றும் அவள் வீட்டுக்கு வர ஆறு மணி. ஐந்தே காலுக்கு வர வேண்டியவள். கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ். ஸ்பெஷல் கிளாஸ் ஜூன் மாதத்திலேயேவா. திட்டினேன்.

வாங்க: மோட்டார் பெல்ட், துவரம் பருப்பு, இவருக்கு சாக்ஸ்.

ஜூன் 14, சனி

நூலகத்தில் ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்லக் கூடாது, கட்டைவிரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய பாடு.

கண்டது:
- வாழ்த்துரையை ஐந்து பேரும் ஒரே தள்ளில் தாண்டினார்கள். ஒருத்தன் படிக்கத் தொடங்கினான் என்று சந்தோஷப்பட்டேன். போன் உறைந்து நின்றிருந்தது.
- பாட்டு தானாக ஒலித்ததும் எல்லோரும் போனை மடியில் கவிழ்த்தார்கள். பாட்டு வேண்டாம்.
- படம் திறக்கத் தாமதமானால் காத்திருப்பதில்லை. பாதிப் பேருக்கு அம்மா போன்தான். சாயங்காலத்துக்குள் டேட்டாவும் தீர்ந்துவிடும். படங்களைச் சின்னதாக்கணும்.
- 'சிறுவர்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது.
- ஓட்டுப் போடுகிற இடத்தில் எல்லோரும் நின்றார்கள். 'கேன்டீன் வடையா, பேக்கரி பப்ஸா' என்று சும்மா வைத்தது. அதற்கு ஒரு சண்டையே நடந்தது.

கிளம்பும்போது ஒரு பெண் சொன்னாள், "நல்லாதான் இருக்கு மிஸ். ஆனா நாளைக்கு எதுக்கு மறுபடி வரணும்?"

அதுதான் கேள்வி.

ஜூன் 16, திங்கள்

சனிக்கிழமையே தளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டோம். தினம் ஐந்து கேள்வி, சரியாகச் சொன்னால் புள்ளி. இவ்வளவுதான் மாற்றம். வருகிறார்கள், ஒரு நாள் ஆடுகிறார்கள், மறுநாள் ஆளைக் காணோம்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வருஷா வருஷம் ப்ளாக் வாரியா ஸ்போர்ட்ஸ் நடக்குதுல்ல. கபடி தெரியாதவன்லாம் தொண்டை கட்டுற வரைக்கும் கத்திகினு நிப்பான். எதுக்கு? அவன் ப்ளாக் ஜெயிக்கணும். அத்த வையேன்."

சோறு ஆறட்டும் என்று எழுந்துபோய்க் கணினியைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளை எடுக்கும் புள்ளியும் அவரவர் ப்ளாக் கணக்கில் சேரும். முதல் பக்கத்திலேயே பட்டியல். பதியும்போது ப்ளாக் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்கினேன், இல்லையென்றால் பட்டியல் ஓடாது.

செயலாளரிடம் போனில் சொன்னேன். "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார். தன் போட்டோவைக் கடைசிப் பக்கத்துக்கு நகர்த்தியதைக்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பிய்த்துக்கொண்டு போகிறது. மூன்று நாளாக அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் காதில் விழுந்தது: "டேய், நேத்து நீ ஆடலியா? உன்னாலதான் நாம மூணாவதுக்கு எறங்கிட்டோம்." நான் தக்காளிப் பையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தேன். இந்த வேலையில் எனக்கு வந்த முதல் பாராட்டு.

முதல் இடம்: ப்ளாக் பதினாறு. என் பழைய ப்ளாக். அற்ப சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது.

ஜூன் 21, சனி

ஒரு விஷயம் உறுத்துகிறது. பதிவுப் பக்கத்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முடிக்காமலே போகிறார்கள். பெயர் போடுகிறார்கள், வயது போடுகிறார்கள், அத்தோடு சரி. நெட் மெதுவோ என்று மூன்று போனில் பார்த்தேன். எதிலும் குறையில்லை.

சாயங்காலம் கீழே இரும்புக்கடைக்காரர் மகள் பவானி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். நீ ஏன் இன்னும் சேரவில்லை என்று கேட்டேன்.

"வந்தேன்க்கா. எல்லாம் எழுதிகினே போனேன். அப்புறம் எந்த ப்ளாக்குன்னு கேட்டுச்சு. எங்களுக்கு ஏதுக்கா ப்ளாக்கு. மூடிட்டேன்."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் குடியிருக்கும் சந்துக்கு என் தளத்தில் இடம் இல்லை. மந்தாரக்குப்பம் முழுக்க, சுற்றிலும் உள்ள அத்தனை ஊர்ப் பிள்ளைகளும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தில் முட்டித் திரும்பியிருக்கிறார்கள். வெளியூர்க்காரி இந்தத் தப்பைச் செய்யமாட்டாள், அவளுக்கு ப்ளாக் என்று கேட்கவே தோன்றாது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத்தான் தோன்றும். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

திருத்துவதற்காகப் பதிவுப் பட்டியலை எடுத்தேன். ப்ளாக் பதினாறில் அதிகப் புள்ளி எடுத்திருப்பது யார் என்று சும்மா பார்த்தேன். இலக்கியா, வயது 15. என் போனிலிருந்துதான் ஆடியிருக்கிறாள்.

தலை பின்னும்போது கேட்டேன். முகம் பார்க்காமல் பேச அதுதான் வசதி.

"நீதான அந்த சார்கிட்ட பதினாறுன்னு சொன்ன."

சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

"ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் நான் அதான் சொல்லியிருக்கேன். ஏழாவதுலேர்ந்து. சுவேதா, மத்தவளுங்க எல்லாம் பதினாறு ஸ்டாப்ல எறங்குவாங்க. நானும் எறங்குவேன். அவளுங்க உள்ள போற வரைக்கும் செருப்பு வார அவுத்து மாட்டிகினு நிப்பேன். அப்புறம் ஷேர் ஆட்டோ புடிச்சு வருவேன்."

ஸ்பெஷல் கிளாஸ் அதுதான். மூன்று வருஷமாக அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். கோணலாகப் போயிருந்தது.

ஜூன் 23, திங்கள்

செயலாளருக்குப் போன். ப்ளாக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்றேன்.

"ஓடுற வண்டியில சக்கரத்தக் கழட்டுவீங்களா? எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க. வெளிப் புள்ளைங்களுக்குக் கடைசியில 'இதர'ன்னு ஒண்ணு சேத்துடுங்களேன்."

சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. ப்ளாக் ஒன்று, இரண்டு என்று இறங்கிப் போய், எல்லாவற்றுக்கும் அடியில்: இதர.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளில் 'இதர'வைத் தேர்ந்தெடுத்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒன்று நான், சோதனைக்காக.

பவானியிடம் காட்டினேன். "பரவால்லக்கா" என்றாள். அந்தப் 'பரவால்ல' எனக்குத் தெரியும், கடையில் அளவு சேராத செருப்பைத் திருப்பி வைக்கும்போது சொல்வது.

இலக்கியா எட்டிப் பார்த்தாள். "அப்போ நான் இதரவாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இவர் ராத்திரி சி ஷிப்ட் முடித்து வந்து படுக்கப் போகும் நேரம். சொன்னேன். எடுத்துவிட்டால் வேலை போனாலும் போகும் என்றும் சொன்னேன். தலையணையைத் தட்டிப் போட்டார்.

"நானும் கேட்லே பதினொரு வருஷமா 'கான்ட்ராக்ட்'டுன்னு எழுதிட்டுதான் உள்ள போறேன். புள்ள எதுக்கு எழுதணும்?" திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செயலாளரைக் கேட்காமலே எடுத்தேன். இனி ப்ளாக் இல்லை. குறைந்தது மூன்று பேர் சேர்ந்தால் ஒரு அணி, பெயர் அவர்களே வைத்துக்கொள்ளலாம். பழைய புள்ளிகள் அவரவருடன் வரும்.

ஜூன் 26, வியாழன்

வருகை பாதியாகச் சரிந்துவிட்டது. கருத்துப் பகுதியில் ஒரே வசவு. 'எங்க ப்ளாக் எங்கே', 'அட்மின் தூங்குறாரா', 'போச்சு'. அட்மின் தூங்கவில்லை, ஒவ்வொரு வசவாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செயலாளர் இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. கோழை.

மதியம் பழைய ரசம்.

ஜூன் 27, வெள்ளி

அணிகள் முளைக்கின்றன. பெயர்கள் சில, மறக்காமல் இருக்க:
- கடைசி பெஞ்ச்
- தண்ணி டேங்க் பாய்ஸ்
- சங்கு ஊதியாச்சு
- வடைக் கட்சி
- ஒன்பது மணி பஸ்

'ஒன்பது மணி பஸ்'ஸில் டவுன்ஷிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வெளியே இருந்து வருகிறவர்களும். சேர்ந்து பஸ்ஸைத் தவற விடுகிறவர்களாம்.

காலையில் பார்த்தால் இலக்கியாவின் கணக்கைக் காணோம். அவளே அழித்திருக்கிறாள், அத்தனை புள்ளியும் போய்விட்டது. எனக்குப் பகீரென்றது. தளத்தைத் திருத்துகிறேன் என்று பிள்ளையை விரட்டிவிட்டேனோ.

சாயங்காலம் ஐந்தே காலுக்குப் படியேறி வந்தாள். பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள்.

"என்ன சீக்கிரம்?"

"எறங்கல. பஸ்லயே வந்துட்டேன்."

"சுவேதா கேட்கலயா?"

"கேட்டா. என் வூடு மந்தாரக்குப்பம்னு சொன்னேன். 'பதினாறுன்னியே'ன்னா. 'இல்ல'ன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ எறங்கிட்டா. திரும்பிப் பாக்கல."

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுதாளா தெரியவில்லை. கீழே கடையில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே நின்றேன். பதினெட்டு வருஷமாக என்னால் முடியாததை அவள் ஒரு பஸ் ஸ்டாப்பில் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

நல்ல மழை ஒரு மணி நேரம். புழுதி அடங்கியது. துணி காயவில்லை.

படிக்கட்டில் கூட்டம். இலக்கியா, பவானி, பின் வீட்டு இரட்டையர், இன்னும் யார் யாரோ, ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு. "ஏய், ரெண்டாவது ஆன்சர், ரெண்டாவது." நான் துணியை எடுக்கப் போனால் வழிவிடவில்லை, தாண்டித்தான் போனேன். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். "அட்மின்தான, நீயே பாத்துக்கோ" என்றாள் இலக்கியா.

சுவேதா இன்னும் பேசவில்லையாம்.

ஜூன் 30, திங்கள்

சோதனை இன்றோடு முடிகிறது. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வருகை பழைய அளவைத் தொட்டுவிட்டது, கொஞ்சம் தாண்டியும்.

பன்னிரண்டு மணிக்குச் செயலாளர். இந்த முறை எடுத்தேன். கேட்காமல் மாற்றியதற்குத் திட்டினார், நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். பிறகு காகிதம் புரளும் சத்தம்.

"இந்த வாரம் மொத எடம் 'இரும்புக்கடை சந்து'ன்னு இருக்கே. பன்னெண்டு புள்ளைங்க. நம்ம டவுன்ஷிப்ல அப்பிடி ஒரு எடமே எனக்குத் தெரியலியே. அது எந்த ப்ளாக்கும்மா?"

"ப்ளாக் இல்ல சார். மந்தாரக்குப்பம். நான் குடியிருக்கிற சந்து."

"நீங்க பதினாறுன்னீங்க?"

"அப்பா ரிட்டயர் ஆகுற வரைக்கும் சார். உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன்."

மறுபடி காகிதம் புரண்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சரி, அந்தப் புள்ளைங்களுக்குப் பரிசு குடுக்கணும். நேர்லயே வந்து குடுத்துடுறேன். சந்துக்குள்ள கார் வருமா?"

"வராது சார். முக்குல நிறுத்திட்டு நடந்துதான் வரணும்."