கழுவ விடாத வீடு

பினாயில் வாசனை வருகிறதடி. சிரம்பான் நீதிமன்றத்தின் வராந்தாவை ஒருத்தி துடைத்துக்கொண்டு போகிறாள், மூலைகளையெல்லாம் விட்டுவிட்டு. சாட்சி சொல்ல எப்போது கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறேன். அவள் கையிலிருப்பதைப் பிடுங்கி நானே துடைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். ரந்தாவ் தோட்டத்து லயத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் துடைத்த தரை காய்வதற்குள் வேண்டுமென்றே சப்பாத்துக் காலோடு வந்து நிற்பாய். “சுத்தக்காரி, உன் வீட்டுக்கு எறும்புகூட கால் கழுவிட்டுத்தாண்டி வரணும்” என்பாய்.

கடைசியாக வந்தபோது அந்தக் கேலி இல்லை. வாசலிலேயே நின்றாய். “திங்கக்கிழமை லிங்கியில இருக்கிற அக்கா வீட்டுக்கே ஒரேடியா போயிடுறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்லா” என்றாய். மறுநாள் காலை உன் புருஷன் கத்தினான், நீ குசினியில் அடுப்புப் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டாய் என்று.

ஆம்புலன்ஸ் உயிரில்லாத உன்னை ஏற்றிக்கொண்டு போனது. வந்த போலீஸ்காரர்களும் ஈரத் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதற்குள் உன் நாத்தனார் வாளியை நிரப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சாவு விழுந்த வீட்டைச் சுவரோடு சேர்த்துக் கழுவித்தானே நமக்குப் பழக்கம்.

நான் வாசலில் கையை விரித்து நின்றேன்.

“பொணம் போன வீட்ட கழுவாம போடுறதா? தள்ளுலா!” என்றாள்.

“ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது” என்றேன். சொன்னது நான், அந்தச் சுத்தக்காரி!

நீ போவதாகச் சொன்னதைப் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் போன் போட, இன்ஸ்பெக்டர் வந்தார். நம் ஆள், சின்ன வயது. கேட்டதுமே எல்லாரையும் வெளியே நிறுத்தினார், தன் ஆட்களையும் சேர்த்து. தடயவியல் பிரிவை உடனே வரச் சொன்னார். “அவங்கதான்க்கா முதல்ல பாக்கணும். நாங்க நடந்து மிதிச்சப்புறம் கூப்பிட்டு என்னா பிரயோசனம்?”

வெள்ளை உடுப்பில் ஒரு மலாய்ப் பெண் வந்தாள். தரையைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். என் தலை உயரத்துக்கும் மேலே, எங்கள் கண்ணில் படாத புள்ளிகளுக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன அம்புக் காகிதங்களை ஒட்டினாள். இன்ஸ்பெக்டர் மெதுவாக உன் புருஷன் பக்கம் திரும்பினார். வழுக்கி விழுந்தவளின் ரத்தம் அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போகும்? அதை அவர்கள் நீதிபதியிடம் சொல்லிக்கொள்வார்கள். வாளித் தண்ணீர் முந்தியிருந்தால் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

போலீஸ் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது உன் வீட்டை நான்தான் கழுவினேன், தனியாக, உன்னைத் திட்டி அழுதுகொண்டே. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் தரைக்கு முன்னால் சுவரைப் பார்க்கிறேன். கண் அடங்க மாட்டேன் என்கிறது.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். உன் புருஷனின் வக்கீல் என்னைக் குழப்பப் பார்ப்பாராம். பார்க்கட்டும். உன் ‘திங்கக்கிழமை’ நீ வாசலில் நின்று சொன்னபடியே என்னிடம் இருக்கிறது. அதன்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லையடி.